மதத்தை விட்டு விலகியவர்களும் வீட்டின் மானமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிறந்த மதத்தில் நம்பிக்கை போய்விட்டவர்களும், வேறு மதத்தை ஏற்றுக்கொண்டவர்களும், அதன் காரணமாகச் சொந்த வீட்டாராலேயே ஒதுக்கப்பட்டோ மிரட்டப்பட்டோ வாழ்கிறவர்களும் கேட்கும் கேள்விகள் இங்கே உள்ளன. பதில்கள் தமிழ்நாட்டின் நிலையையும் இந்தியச் சட்டத்தையும் ஒட்டி எழுதப்பட்டவை. எந்த மதம் சரி, எது தவறு என்ற விவாதத்துக்கு இங்கே இடமில்லை.

எனக்கு நம்பிக்கை போய்விட்டது. வீட்டில் சொல்லித்தான் ஆக வேண்டுமா?

வேண்டியதில்லை. அரசியலமைப்பின் 25ஆவது பிரிவு தரும் மனச்சான்றுச் சுதந்திரத்தில், உள்ளத்தில் இருப்பதை வெளியே சொல்லாமல் இருப்பதும் அடங்கும். ஆனால் இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்களை உறுத்துவது சட்டம் அன்று. தொழுகைக்கு நிற்கும்போதோ, சபையில் அப்பமும் ரசமும் வாங்கும்போதோ, வீட்டுப் பூசையில் கற்பூரத்தட்டை ஏந்தும்போதோ எழும் குற்ற உணர்வுதான். பொய்யாக வாழ்கிறோமே என்று தோன்றும். கல்லூரிக் கட்டணத்தை அப்பா கட்டிக்கொண்டும், சான்றிதழ்கள் அவருடைய பீரோவில் இருந்துகொண்டும், தங்க வேறு இடம் இல்லாமலும் இருக்கும் ஒருவர் வாயை மூடிக்கொண்டிருப்பதைப் பொய் என்று நாங்கள் கருதவில்லை. உண்மையைச் சொல்வதற்கு உரிய நாளைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உங்களுடையது. சொந்தச் சம்பளமும் சொந்த அறையும் வந்த பிறகு சொல்பவருக்கும், விடுதிக் கட்டணத்துக்கு வீட்டை நம்பியிருக்கும்போது ஒரு சண்டையின் நடுவே சொல்லிவிடுபவருக்கும் நேர்வது ஒன்றல்ல.

கடவுளை நம்பவில்லை என்பதற்கா இவ்வளவு கோபம்?

பெரும்பாலும் கடவுளுக்காக அல்ல. வீட்டில் பெரிதாக எதையும் கடைப்பிடிக்காத அண்ணன்தான் முதலில் கை ஓங்குவார் என்பதைப் பலர் கவனித்திருப்பார்கள். ஒரு குடும்பம் ஊரில் நிற்பது சில கண்ணிகளைப் பிடித்துக்கொண்டுதான். கிராமக் கோயிலுக்குத் தலைக்கட்டு வரி கொடுத்தால்தான் திருவிழாவில் மரியாதை கிடைக்கும். வேறு மஹல்லாவில் பெண் எடுக்கவோ கொடுக்கவோ சொந்த ஜமாத்தின் கடிதம் வேண்டும். கிறிஸ்தவக் குடும்பத்துக்கு ஆலயத்தில் திருமண ஓலை வாசிக்கப்பட வேண்டும், கல்லறைத் தோட்டத்தில் இடம் வேண்டும். வீட்டில் ஒருவர் விலகிவிட்டார் என்று ஊருக்குத் தெரிந்தால் இந்தக் கண்ணிகள் தளர்ந்துவிடும் என்ற அச்சம்தான் ‘மானம் போய்விட்டது’ என்ற சொல்லாக வெளிவருகிறது. தங்கைக்கு இன்னும் வரன் அமையவில்லை என்றால் அந்த அச்சம் இரட்டிப்பாகும்.

இதைப் புரிந்துகொள்வது அவர்களை மன்னிப்பதற்காக அன்று, எதைச் சொன்னால் கோபம் தணியும் என்று அறிவதற்காக. இறைமறுப்பின் நியாயத்தை அப்பாவுக்கு விளக்கிப் பயன் பெற்றவர்கள் மிகக் குறைவு. “நான் இதை ஊரில் சொல்லப் போவதில்லை, தங்கையின் திருமணம் முடியும்வரை எந்தக் காரியத்துக்கும் குறுக்கே நிற்கமாட்டேன்” என்ற ஒரே வாக்கியத்தால் தணிந்த வீடுகள் உண்டு. அந்த விலையைக் கொடுப்பதா வேண்டாமா என்பது உங்கள் முடிவு.

வெறும் கோபம் எது, உண்மையான ஆபத்து எது?

அழுகை, பட்டினி, பேசாமல் இருத்தல், ‘உன்னைத் தலைமுழுகிவிட்டோம்’ என்ற சொல் ஆகிய எல்லாமே வலிக்கும். உயிரோடு இருக்கும் மகளுக்குக் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி அடித்து ஒட்டிய பெற்றோரும் இந்த மாநிலத்தில் இருக்கிறார்கள். இவை உறவை முறிக்கும் செயல்கள். உங்களை வெளியே தள்ளும் செயல்கள். ஆபத்து இதற்கு நேர் எதிரான திசையில், உங்களை உள்ளே இழுக்கும் செயல்களில்தான் கூடுதலாக இருக்கிறது. கைப்பேசி பிடுங்கப்படுவது, சான்றிதழ்கள் இடம் மாறுவது, வேலைக்குப் போக வேண்டாம் என்று திடீரென்று சொல்வது, சொந்த ஊருக்குப் போய் வரலாம் என்று அவசரப்படுத்துவது, கேட்காமலேயே மாப்பிள்ளை பார்க்கத் தொடங்குவது, இதுவரை தலையிடாத பெரியப்பாவோ தாய்மாமனோ வீட்டில் வந்து தங்குவது ஆகியவற்றைக் கவனியுங்கள். பல நாள் கத்தியவர்கள் ஒரே இரவில் அன்பாகிவிட்டு, “பழையதை மறந்துவிடலாம், வீட்டுக்கு வா” என்று அழைப்பதையும் இந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டும். அது மெய்யான மனமாற்றமாகவும் இருக்கலாம். ஆனாலும் முதல் சந்திப்பு பொது இடத்தில், பகலில், ஒரு நண்பர் உடனிருக்க நடக்கட்டும்.

“உன்னை வெட்டிவிட்டு ஜெயிலுக்குப் போவேன்” என்று ஒருவர் சொன்னால் அதைப் பேச்சு வழக்கு என்று தள்ளிவிடாதீர்கள். சொன்ன நாளையும் இடத்தையும் குறித்து, நம்பகமான ஒருவருக்கு அன்றே அனுப்பி வையுங்கள்.

எனக்குப் பேய் பிடித்துவிட்டது, புத்தி பேதலித்துவிட்டது என்று சொல்லி எங்கோ கூட்டிப்போகப் பார்க்கிறார்கள்.

ஜின் இறக்குவது, பேய் ஓட்டுவது, ஜெபக்கூடத்தில் நாள்கணக்கில் உபவாசம் இருக்கவைப்பது என்று இதற்கு எல்லா மதத்திலும் வடிவங்கள் உண்டு. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு காப்பகத்தில் பற்றிய தீயில், சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்கள் தப்ப முடியாமல் 28 பேர் இறந்ததை ராமநாதபுரம் மாவட்டம் இன்னும் மறக்கவில்லை. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் எந்த நோயாளியையும் சங்கிலியால் கட்டக்கூடாது என்கிறது. உங்களுக்கு அதைவிடப் பயன்படக்கூடியது அதே சட்டத்தின் 3ஆவது பிரிவு: ஒருவர் தம் சமூகத்தில் நிலவும் மத நம்பிக்கைகளோடு ஒத்துப்போகவில்லை என்பதை வைத்து அவருக்கு மனநோய் என்று தீர்மானிக்கக்கூடாது. வீட்டார் மருத்துவரிடமே அழைத்துச் சென்றாலும், தனியாகப் பேச வேண்டும் என்று கேட்டு, இந்தப் பிரிவைச் சொல்லுங்கள். மனச்சோர்வு உண்மையாகவே இருந்தால் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம். மனச்சோர்வுக்குச் சிகிச்சை எடுத்துக்கொண்டால் நம்பிக்கை இழந்ததும் நோய்தான் என்று ஒப்புக்கொண்டதாகிவிடாது.

வீட்டில் பூட்டி வைத்துவிட்டால் என்ன செய்வது?

உடனடி ஆபத்துக்கு 112, பெண்களுக்கு 181. பதினெட்டு வயது நிறைந்த ஒருவரை, பெற்றவர்களே ஆனாலும், அடைத்து வைப்பது, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 127ஆவது பிரிவின்படி குற்றம். கொலை மிரட்டல் 351ஆவது பிரிவில் வரும். கட்டாயத் திருமணத்துக்காகப் பெண்ணைக் கடத்துவது 87ஆவது பிரிவில் வரும்.

பெண்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைப் பாதுகாப்புச் சட்டம் கணவருக்கு எதிரானது மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். இரத்த உறவாக ஒரே வீட்டில் வாழ்ந்தவர்களும் அதில் அடங்குவதால், மகள் தன் தந்தைக்கும் அண்ணனுக்கும் எதிராக மனுச் செய்யலாம். 2016இல் உச்ச நீதிமன்றம் ‘வயது வந்த ஆண்’ என்ற சொற்களை நீக்கிய பிறகு தாய்க்கு எதிராகவும் செய்யலாம். பாதுகாப்பு ஆணை, அதே வீட்டில் குடியிருக்கும் உரிமை, பண உதவி ஆகியவற்றை இதன்கீழ் கேட்கலாம். மாவட்டச் சமூகநல அலுவலகத்தின் பாதுகாப்பு அலுவலரோ ஒருங்கிணைந்த சேவை மையமோ மனு எழுத உதவுவார்கள். ஆண்களுக்கு இந்தச் சட்டம் இல்லை. அண்ணன்களிடம் அடி வாங்கும் இளைஞனுக்குக் காவல் நிலையம் ஒன்றுதான் வழி. அங்கே அவனைச் சிரித்து அனுப்பிவிடுவதும் நடக்கிறது.

காவல் நிலையத்தில் ‘குடும்ப விஷயம், பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்’ என்கிறார்களே?

சொல்வார்கள். பெற்றோரை வரவழைத்து உட்காரவைத்து, ‘எழுதிக் கொடுத்துவிட்டுக் கூட்டிப் போங்கள்’ என்று முடிக்கவும் பார்ப்பார்கள். புகாரை எழுத்தில் கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கேளுங்கள். கைது செய்யத்தக்க குற்றம் தெரியவந்தால் முதல் தகவல் அறிக்கை பதிவது கட்டாயம் என்று 2013இல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. சம்பவம் வேறு ஊரில் நடந்திருந்தாலும் நீங்கள் இப்போது இருக்கும் ஊரிலேயே ஜீரோ எஃப்.ஐ.ஆர். பதியச் சொல்லலாம். மறுத்தால் அதே புகாரைப் பதிவு அஞ்சலில் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு அனுப்பி, ஒப்புகைச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள்.

ஆணவக் குற்றங்களைத் தடுக்க ஒவ்வொரு மாவட்டத்திலும் தனிப்பிரிவு அமைக்கவும் 24 மணி நேர உதவி எண் ஏற்படுத்தவும் 2016இல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. 2018இல் சக்தி வாஹினி வழக்கில் உச்ச நீதிமன்றம் நாடு முழுவதற்கும் தனிப்பிரிவுகளையும் பாதுகாப்பு இல்லங்களையும் விதித்தது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: அந்தத் தீர்ப்புகள் காதலித்து மணந்த இணையரை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. யாரையும் காதலிக்காமல், தன் நம்பிக்கையை மட்டும் கைவிட்டு, தனியாக வந்து நிற்பவரை அவை நினைத்துப் பார்க்கவில்லை. ஆகவே காவல் நிலையத்தில் முதலில் வரும் கேள்வி “பையன் யார்?” என்பதாகவே இருக்கும். யாரும் இல்லை என்றால் நம்பமாட்டார்கள். எரிச்சல் அடையாமல் திரும்பத் திரும்ப அதையே சொல்ல வேண்டியிருக்கும்.

வீட்டை விட்டுக் கிளம்புவதானால் எதை எடுத்துக்கொள்வது?

பத்தாம், பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ், ஆதார், பிறப்புச் சான்றிதழ், கடவுச்சீட்டு, சாதிச் சான்றிதழ், மருந்துச் சீட்டு ஆகியவை போதும். அசல் கிடைக்காவிட்டால் டிஜிலாக்கரில் மதிப்பெண் பட்டியலை எடுக்கலாம். மற்றவற்றின் நகலும் பிறகு வாங்கக்கூடியதே. ஒரு சான்றிதழுக்காக ஆபத்தான வீட்டுக்குள் திரும்பிப் போகாதீர்கள். உங்கள் கைப்பேசி எண் அப்பாவின் பெயரில் இருக்கிறதா என்று முன்கூட்டியே பாருங்கள். அந்த எண்ணுக்குத்தான் வங்கியின் ஓ.டி.பி.யும் ஆதாரின் ஓ.டி.பி.யும் வருகின்றன என்றால், அதை அவர் ஒரே நாளில் முடக்கிவிடலாம். சொந்தப் பெயரில் ஒரு சிம் வாங்கி, மெல்ல மாற்றிக்கொள்ளுங்கள். கூட்டுக் கணக்கில் சம்பளம் விழவிடாதீர்கள். கைப்பேசியில் இருப்பிடம் பகிரப்படுகிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

நகையைத் தொடாதீர்கள். உங்கள் காதில் கழுத்தில் கிடப்பது வேறு. பீரோவில் இருப்பதை எடுத்தால், அது உங்களுக்காகவே சேர்த்ததாக இருந்தாலும், மறுநாள் திருட்டுப் புகாராக வந்து நிற்கும்.

தங்குவதற்கு வேலை பார்க்கும் பெண்களுக்கு அரசின் தோழி விடுதிகள் சில நகரங்களில் உள்ளன. நண்பர் வீட்டில் தங்குவதானால், வீட்டார் முதலில் தேடிப்போகும் நண்பராக அவர் இருக்கக்கூடாது.

‘பெண்ணைக் காணவில்லை’ என்று புகார் கொடுத்துவிட்டார்கள். பிடித்துக் கொண்டுபோய் ஒப்படைத்துவிடுவார்களா?

பதினெட்டு வயது நிறைந்தவரை அவர் விருப்பமின்றி யாரிடமும் ஒப்படைக்க முடியாது. கிளம்பிய அன்றே, ‘நான் மேஜர், என் சொந்த விருப்பத்தில் கிளம்பினேன், யாரும் கடத்தவில்லை’ என்று வயதுச் சான்றுடன் காவல் கண்காணிப்பாளருக்குக் கடிதம் அனுப்புங்கள். முகவரி வீட்டாருக்குத் தெரியக்கூடாது என்றும் அதில் எழுதுங்கள். ஆட்கொணர்வு மனு (ஒருவரை நீதிமன்றத்தில் நேரில் நிறுத்தக் கேட்கும் மனு) போடப்பட்டால் உயர் நீதிமன்றத்தில் நேரில் வந்து நீதிபதியிடம் இதையே சொல்ல வேண்டியிருக்கும். உங்கள் பக்கத்துக்கு ஒரு வழக்கறிஞர் தேவை. வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவச உதவி கிடைக்கும்; எண் 15100.

சட்டம் இவ்வளவு தெளிவாக இருந்தும் நடைமுறை எப்படி இழுக்கும் என்பதற்குக் கேரளத்தின் ஹாதியா வழக்கே சான்று. இந்துக் குடும்பத்தில் பிறந்து இஸ்லாத்தை ஏற்ற அந்த இருபத்து நான்கு வயதுப் பெண்ணின் திருமணத்தை 2017 மே மாதம் கேரள உயர் நீதிமன்றம் ரத்துசெய்து, அவரைப் பெற்றோரின் காவலில் விட்டது. நவம்பர் 27 அன்று உச்ச நீதிமன்றம் நேரில் கேட்டபோது அவர் கேட்டது சுதந்திரம். அதன் பிறகுதான் படிப்பைத் தொடரச் சேலத்துக்கு அனுப்பப்பட்டார். 2018 மார்ச் 8 அன்று திருமணம் செல்லும் என்று தீர்ப்பு வந்தது. மதத்தை விட்டவர்களும் மதத்துக்குள் வந்தவர்களும் ஒருவர் வழக்கை மற்றவர் எதிர்க்கட்சியின் வழக்காகப் பார்ப்பதுண்டு. உண்மையில் இரு தரப்பும் நிற்பது ஒரே தீர்ப்பின் மேல்.

எனக்கு இன்னும் பதினெட்டு ஆகவில்லை.

வெளியேறும் உரிமை உங்களுக்குச் சட்டத்தில் இல்லை. உங்களுக்கு உதவியவர் மீதே கடத்தல் வழக்கு வரும். அடி, பட்டினி, பள்ளியை நிறுத்துதல், திருமண ஏற்பாடு ஆகியவை நடந்தால் குழந்தைகள் உதவி எண் 1098. குழந்தைகள் நலக் குழு தலையிடும். அப்படி எதுவும் இல்லாவிட்டால், படியுங்கள், பொறுத்திருங்கள், சொல்லாதீர்கள்.

திருமணமான பிறகு நம்பிக்கை போனது. திருமணமும் குழந்தையும் என்னாகும்?

நம்பிக்கை போனதால் மட்டும் திருமணம் முறியாது. இந்துத் திருமணச் சட்டத்தில் ஒருவர் வேறு மதத்துக்கு மாறினால் மற்றவர் விவாகரத்துக் கேட்கலாம். வெறும் நாத்திகம் அதற்குக் காரணமாகாது. இஸ்லாத்தை விட்ட மனைவியின் திருமணம் தானாக முறியாது என்று 1939ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமண முறிவுச் சட்டம் சொல்கிறது. குழந்தை விஷயத்தில் கவனம் தேவை. 1956ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டத்தின் 6ஆவது பிரிவுப்படி, இந்துவாக இருப்பதை விட்டவர் இயற்கைக் காப்பாளர் என்ற நிலையை இழக்கிறார். குழந்தை யாரிடம் வளர வேண்டும் என்பதைக் குழந்தையின் நலனை வைத்தே நீதிமன்றம் முடிவு செய்யும் என்றாலும், எதிர்த்தரப்பு இந்தப் பிரிவை முதல் நாளே எடுத்து வைக்கும். குழந்தை கையில் இருக்கும்போது முறைப்படி மதம் மாறுவதற்கு முன் ஒரு வழக்கறிஞரைப் பார்த்துவிடுங்கள்.

சொத்தில் பங்கு போய்விடுமா?

இந்துக் குடும்பத்தில் பிறந்தவர் மதம் மாறினாலும் வாரிசுரிமை அவருக்கு உண்டு. மாறிய பின் பிறக்கும் அவருடைய பிள்ளைகளுக்கே, 1956ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டத்தின் 26ஆவது பிரிவுப்படி, இந்து உறவினர் சொத்தில் உரிமை இல்லை. தந்தை தாம் சம்பாதித்ததை உயில் எழுதி வேறொருவருக்குக் கொடுத்துவிட்டால் அதைத் தடுக்க வழியில்லை. கிறிஸ்தவர்களுக்கு 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம்.

முஸ்லிம் குடும்பத்தில் பிறந்து மதமே வேண்டாம் என்றவருக்கு எந்தச் சட்டம் என்பதுதான் சிக்கல். கேரளத்தைச் சேர்ந்த ஸஃபியா, தனக்கு ஷரியத் அல்ல, 1925ஆம் ஆண்டுச் சட்டமே பொருந்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றத்தில் மனுச் செய்தார்; 2024 ஏப்ரலில் நீதிமன்றம் அரசுகளுக்கு நோட்டீஸ் அனுப்பியது. தனிச் சட்டத்தின்படி தந்தை உயில் மூலம் கொடுக்கக்கூடியது சொத்தில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் என்பதும் அந்த வழக்கில் எழுப்பப்பட்டிருக்கிறது. மகளுக்குக் கொடுக்க விரும்பும் தந்தையையும் அந்த வரம்பு தடுக்கிறது.

கோபம் உச்சத்தில் இருக்கும்போது சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அழைத்துப்போய், சொத்துப் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குவார்கள். ‘எனக்கு உங்கள் சொத்தே வேண்டாம்’ என்று ரோஷத்தில் போட்டுக் கொடுத்தவர்கள் நாற்பது வயதில் வருந்துகிறார்கள். போடாதீர்கள்.

சுயமரியாதைத் திருமணம் செய்துகொள்ளலாமா? சான்றிதழில் ‘மதம் இல்லை’ என்று வாங்கலாமா?

1967ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுத் திருத்தத்தால் இந்துத் திருமணச் சட்டத்தில் சேர்ந்த, சுயமரியாதைத் திருமணத்தை ஏற்கும் 7-அ பிரிவு இரு இந்துக்களுக்கு இடையேயான திருமணத்துக்கு மட்டும் பொருந்தும். மற்றவர்களுக்கு 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம். அதில் முப்பது நாள் அறிவிப்பு ஒட்டப்படும் என்பதால், வீட்டாரிடமிருந்து ஒளிந்திருப்பவர்கள் எந்த அலுவலகத்தில் மனுக் கொடுப்பது என்று யோசித்தே கொடுக்க வேண்டும். சான்றிதழைப் பொறுத்தவரை, 2019இல் திருப்பத்தூர் வழக்கறிஞர் ம.ஆ. சினேகா ‘சாதி, மதம் அற்றவர்’ என்ற சான்றைப் பெற்றார். பிறர் கேட்டபோது வட்டாட்சியர்கள் மறுத்தார்கள். சிலர் நீதிமன்றம் போனார்கள். ஆனால் பட்டியல் சாதியினர் ஒரு கணக்குப் போட வேண்டும்: 1950ஆம் ஆண்டு ஆணைப்படி இந்து, சீக்கிய, பௌத்த மதத்தவருக்கே அந்தத் தகுதி உண்டு. மாறினால் ஒதுக்கீடு மட்டுமன்றி, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பும் கேள்விக்குள்ளாகும்.

என் கதையைச் சமூக ஊடகத்தில் எழுதலாமா?

2017 மார்ச் மாதம் கோவையில் ஃபாரூக் என்ற முப்பத்தொரு வயது இளைஞர் வெட்டிக் கொல்லப்பட்டார். பழைய இரும்பு வியாபாரம் செய்தவர், திராவிடர் விடுதலைக் கழகத்தில் இருந்தவர், முகநூலிலும் வாட்ஸ்அப் குழுவிலும் இறைமறுப்பை எழுதிவந்தவர். பெரியாரின் சிலைகள் நிற்கும் மாநிலத்தில், கடவுள் இல்லை என்ற வாசகம் கல்வெட்டில் இருக்கும் ஊர்களில், இது நடந்தது. மேடையில் நாத்திகம் பேசுவதற்கு இங்கே நூறு ஆண்டு மரபு உண்டு. சொந்தத் தெருவில் அந்த மரபு யாருக்கும் கவசமாக இருந்ததில்லை.

எழுதுவதானால் உங்கள் வாழ்க்கையை எழுதுங்கள். மற்றவர்கள் புனிதமாகக் கருதுவதை இழிவுபடுத்தும் வரி ஒன்று போதும், பாரதிய நியாய சன்ஹிதாவின் 299ஆவது பிரிவில் வழக்கு உங்கள் மீதே திரும்பும். இன்னொன்று: உங்களை மேடையேற்ற ஆவலோடு வருகிறவர்களில் சிலருக்கு, உங்கள் விடுதலையைவிட உங்கள் பழைய சமூகத்தின் மீதுள்ள வெறுப்பே பெரிது. உங்கள் அம்மா இன்னும் அந்தச் சமூகத்தில்தான் வாழ்கிறார் என்பதை அவர்கள் நினைக்கமாட்டார்கள்.

நான் மலேசியாவில், இலங்கையில், பிரிட்டனில் இருக்கிறேன்.

மலேசியாவில் இஸ்லாத்தை விடுவது சட்டத்தோடும் மோதுவதாகும். 2007 மே 30 அன்று, இஸ்லாத்தை விட்டுக் கிறிஸ்தவரான லீனா ஜாயின் வழக்கில், ஷரியா நீதிமன்றத்தின் அனுமதி இல்லாமல் அடையாள அட்டையிலிருந்து ‘இஸ்லாம்’ என்பதை நீக்க முடியாது என்று இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டில், ஆவணத்தில் முஸ்லிம் என்று இருந்தும் இந்துவாக வளர்ந்த இந்திய வம்சாவளிப் பெண் ஒருவர் ஆறு மாதம் இஸ்லாமிய மறுவாழ்வு மையத்தில் அடைக்கப்பட்டிருந்தார். வழக்கறிஞர் இல்லாமல் அங்கே எந்த விண்ணப்பமும் கொடுக்காதீர்கள். இலங்கையின் அரசியலமைப்பு 10ஆவது உறுப்புரையில் விரும்பிய மதத்தையோ நம்பிக்கையையோ கொள்ளும் உரிமையை எந்தக் கட்டுப்பாடும் இன்றித் தருகிறது. பிரிட்டனில் கட்டாயத் திருமணத்துக்கு எதிராகப் பாதுகாப்பு ஆணை பெறலாம்; கர்மா நிர்வாணா என்ற அமைப்பு மானத்தின் பெயரால் நடக்கும் வன்முறைக்கென்றே உதவி எண் நடத்துகிறது.

அப்பா இறந்துவிட்டால் என்னை உள்ளே விடுவார்களா?

விலகி வந்து பல ஆண்டுகள் ஆனவர்கள் கேட்கும் கேள்வி இது. விடலாம், விடாமலும் போகலாம். துக்க வீட்டில் மனம் இளகியவர்களும் உண்டு. கொள்ளி வைக்கக்கூடாது, தோள் கொடுக்கக்கூடாது என்று பங்காளிகள் வழிமறித்ததும் உண்டு. தனியாகப் போகாதீர்கள். வாசலில் தடுத்தால் வாதாடாமல் நேராக மயானத்துக்கோ கல்லறைக்கோ போய் நில்லுங்கள். அங்கே கூட்டம் நடுவே ஒருவர் நிற்பதைத் தடுப்பது கடினம். முன்பு மிரட்டல் இருந்திருந்தால் அந்த ஊர்க் காவல் நிலையத்துக்கு முன்பே சொல்லிவிட்டுப் போங்கள், இரவு தங்காதீர்கள். அடக்கம் சில மணி நேரத்திலேயே முடிந்துவிடும் குடும்பங்களில் வெளியூரிலிருந்து வருவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். ஆகவே சித்தியோ, அத்தையோ, எதிர்வீட்டுக்காரரோ, உங்கள் எண்ணைத் தம்மிடம் வைத்துக்கொண்டு செய்தி சொல்லக்கூடிய ஒருவரையாவது இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.